கரேய்காவா: ஓர் ஆளில்லா நிலையத்தின் வரலாறு

ஜப்பான் என்றதும் அம்பென விரையும் தொடர்வண்டிகளே பலர் நினைவுக்கு வரும். அந்நாட்டிலேயே, சீட்டு விற்பவரோ கொடி காட்டுபவரோ இல்லாத சிற்றூர் நிலையங்களும் மிகப் பல. இவற்றை ஜப்பானியர் ‘முஜின் எக்கி’ என்பர். ‘மு’ என்பது இன்மை. ‘ஜின்’ என்பது ஆள். ‘எக்கி’ என்பது நிலையம். ஆளில்லா நிலையம் என்பதே இதன் பொருள். இவற்றுள் ஒன்றான கரேய்காவாவின் வரலாறு அறியத்தக்கது.

கியூஷூ தீவின் தெற்கே, ககோஷிமா மாவட்டத்து மலைப்பாங்கான சிற்றூரொன்றில் இந்நிலையம் உள்ளது. இது 1903ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள் திறக்கப்பெற்றது. அன்று எழுப்பிய மரக்கட்டடமே இன்றும் நிற்கின்றது.

எளிய கடற்கரை இருக்க, மலைவழியே பாதை அமைத்தது ஏன்? கடலோரப் பாதை பகைவர் போர்க்கப்பல்களின் பீரங்கிக்கு இலக்காகும் எனப் படைத்துறையினர் அஞ்சினர். ஆகவே மலைகளைக் குடைந்து பாதை அமைத்தனர். 1909 நவம்பரில் இப்பணி நிறைவெய்தவே, வடமுனையிலுள்ள மோஜித் துறைமுகத்திலிருந்து ககோஷிமா வரை இருப்புப்பாதை இணைந்தது. கரேய்காவாவும் அத்தலைமைப் பாதையின் நிலையங்களுள் ஒன்றாயிற்று.

இப்பெருமை பதினெட்டாண்டுகளே நீடித்தது. 1927 அக்டோபரில் கடலோரப் பாதை முற்றுப்பெற்றது. தலைமைப் பாதை என்னும் பெயர் அதற்குச் சென்றது. மலைவழி ‘ஹிசத்சு பாதை’ என்னும் கிளைப்பாதையாயிற்று. பின்னர் மோட்டார் வண்டிகள் பெருகின, பயணிகள் குறைந்தனர். அரசு இரயில்வே கடனில் மூழ்கியிருந்த 1984ஆம் ஆண்டில், இந்நிலையத்திலிருந்து பணியாளர் விலக்கப்பட்டனர்.

தலைமைப் பாதையிலேயே இருந்திருப்பின், இம்மரக்கட்டடத்தை இடித்துப் பெரியதொன்றைக் கட்டியிருக்கக்கூடும். புறக்கணிப்பே ஒரு வகையில் இதற்குக் காப்பாயிற்று எனலாம். இதே பாதையில், இதே நாளில் திறக்கப்பெற்ற ஓசுமி யோகொகாவா நிலையத்திலும் பழைய கட்டடம் நிலைத்துள்ளது. 1945ஆம் ஆண்டு வானூர்தித் தாக்குதலில் குண்டு துளைத்த தடம், அங்குள்ள நடைமேடைத் தூணில் இன்றும் காணப்படுகின்றது.

எனினும் புறக்கணிப்பு மட்டுமே ஒரு மரக்கட்டடத்தைக் காக்காது. மழையும் கறையானும் அதனை விரைவில் தின்றுவிடும். கரேய்காவாவை ஊர்மக்களே பெருக்கித் தூய்மை செய்து பேணி வந்தனர். மூங்கிற்குருத்தும் காளானும் சேர்த்துச் சமைத்த சோற்றுப் பொதி இங்கு 2004 முதல் விற்கப்பட்டுப் புகழடைந்தது. 2006ஆம் ஆண்டில் இரு நிலையக் கட்டடங்களும் நாட்டின் பண்பாட்டுச் சொத்துகளாகப் பதிவு பெற்றன.

2020 ஜூலைப் பெருவெள்ளம் ஹிசத்சு பாதையின் வடபகுதியைச் சிதைத்தது. அங்கு வண்டிப் போக்குவரத்து நின்றது. கரேய்காவா அமைந்த தென்பகுதி அவ்வெள்ளத்திற்குத் தப்பியது. பணியாளர் இல்லாத நிலையமெனினும், இது காப்பாரில்லாத நிலையமன்று.