மறுவாழ்வு

'மறு' என்றால் மற்றொரு, மீண்டும் என்று பொருள்: மறுநாள், மறுமணம். (களங்கத்தைக் குறிக்கும் மறு வேறு.) மறுவாழ்வுக்கு இணையான ஆங்கிலச் சொல் ரீஹேபிலிட்டேஷன்; அதன் லத்தீன் மூலம், பறிபோன பதவியையோ உரிமையையோ திரும்ப அளிப்பதைக் குறித்தது. தமிழ்ச் சொல் அப்படி வாக்குக் கொடுப்பதில்லை. தண்டுவடத்தில் காயமுற்றவருக்கும் நீரிழிவால் காலை இழந்தவருக்கும் பழைய உடல் பெரும்பாலும் திரும்பாது. இழப்பை ஏற்று, வேலை, உறவு, தன்மதிப்பு ஆகியவற்றை வேறு வகையில் அமைத்துக்கொள்ளத் துணைநிற்பதுதான் மறுவாழ்வு உளவியல். ஆகவே தமிழ்ச் சொல்லே பொருத்தம் என்பேன். குடிநோயர் மையம் முதல் 2021இல் 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாறிய இலங்கைத் தமிழர் முகாம் வரை இச்சொல் பரவியிருக்கிறது. மறுவாழ்வு உளவியலைப் படிக்க நினைப்பவர்கள், 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி இயங்கும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் அங்கீகாரம் அந்தப் படிப்புக்கு உண்டா என்று முதலில் பாருங்கள்.