அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலை - ஒரு வரலாறு

வத்திராயிருப்பு, ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் "மருந்து" என்று சொன்னால் பலருக்கும் சிவகாசிப் பட்டாசுதான் ஞாபகம் வரும். வெடியுப்பு, கந்தகம், கரி மூன்றும் சேர்ந்த கருமருந்து. ஒரு காலத்தில் துப்பாக்கிக்கும் பீரங்கிக்கும் இதே மருந்துதான். இதில் ஒரு பெரிய தொல்லை, புகை. சுட்டவன் எங்கே இருக்கிறான் என்று எதிரிக்குத் தெரிந்துவிடும். புகை கலையும்வரை அவனால் அடுத்த குறியும் பார்க்க முடியாது!

இதற்கு விடையாக 1889-ல் பிரிட்டனில் ஃபிரெட்ரிக் ஏபல், ஜேம்ஸ் டெவர் என்ற இரண்டு விஞ்ஞானிகள் கார்டைட்டைக் கண்டுபிடித்தார்கள். நைட்ரோகிளிசரின் 58 பங்கு, துப்பாக்கிப் பஞ்சு 37 பங்கு, வாசலின் 5 பங்கு. அசிட்டோன் விட்டுப் பிசைந்து, இடியாப்பம் பிழிவது போல அச்சில் பிழிந்து காயவைத்தால் கயிறு கயிறாக வரும். கயிற்றுக்கு ஆங்கிலத்தில் "கார்ட்". அதிலிருந்து வந்த பெயர்தான் கார்டைட். இது வெடித்துச் சிதறும் மருந்து அல்ல. சீராக எரிந்து, வாயுவாக மாறி, குண்டை முன்னே தள்ளும் உந்து மருந்து. ஆல்ஃபிரட் நோபல் இது தன் பேட்டன்டை மீறியது என்று வழக்குப் போட்டு, தோற்றுப்போனார்.

அதுவரை இந்தியாவில் கல்கத்தா அருகே இஷாப்பூரில் கருமருந்துதான் தயாரானது. கார்டைட்டை இங்கேயே தயாரிக்க பிரிட்டிஷ் அரசு நீலகிரியில் குன்னூருக்குப் பக்கத்தில் அருவங்காட்டைத் தேர்ந்தெடுத்தது. 1903-ல் தொழிற்சாலை உருவானது, 1904-ல் உற்பத்தி தொடங்கியது. இடத்தேர்வுக்குப் பொருத்தமான விஷயங்கள் அங்கே நிறைய இருந்தன. எளிதில் தீப்பிடிக்கும் பொருட்களுக்கு மலைக் குளிர் நல்லது. 1899-லேயே மலை ரயில் குன்னூர்வரை வந்துவிட்டது. மின்சாரத்துக்குக் காட்டேரி நீர்வீழ்ச்சி இருந்தது. 1908-ல் ரயில் ஊட்டிவரை நீண்டபோது பாதை அருவங்காடு வழியாகவே போனது.

இரண்டு உலகப் போர்களையும் இந்தத் தொழிற்சாலை பார்த்தது. 1947-க்குப் பிறகு இந்திய அரசின் சொத்தானது. துப்பாக்கி, மோர்ட்டார், பீரங்கி என்று பலவற்றுக்கும் உந்து மருந்து, அதற்கு வேண்டிய நைட்ரோசெல்லுலோஸ், அமிலம் எல்லாம் அங்கேயே தயாரானது. நூறு வருடத்துக்கு மேல் அது ஒரு அரசுத் துறைதான். கம்பெனி அல்ல.

2021 அக்டோபர் 1-ல் அது மாறியது. நாட்டின் 41 படைக்கலத் தொழிற்சாலைகளும் ஏழு அரசு கம்பெனிகளாகப் பிரிக்கப்பட்டன. அருவங்காடு, புனேயைத் தலைமையிடமாகக் கொண்ட மியூனிஷன்ஸ் இந்தியா லிமிடெட்டின் கீழ் வந்தது. தொழிற்சங்கங்கள் கடுமையாக எதிர்த்து வேலைநிறுத்தம் அறிவித்தன. அதைத் தடுக்க அந்த வருடமே தனிச் சட்டமும் வந்தது.

கணக்குப் புத்தகத்தில் ஓடாத இயந்திரம் என்பது நஷ்டம். ஆனால் உந்து மருந்து ஆலையின் விஷயம் வேறு. அமைதிக் காலத்தில் பாதி இயந்திரம் சும்மா நின்றாலும், போர் வந்தால் மறுநாளே எல்லாம் ஓடியாக வேண்டும். அப்படிச் சும்மா நிற்பதற்கான செலவை இத்தனை காலமும் அரசு பட்ஜெட் ஏற்றது. கம்பெனியான பிறகு அதை ஆர்டர்கள்தான் ஈடுகட்ட வேண்டும். வெளிநாட்டு ஆர்டர் தேடிப் போகும் சுதந்திரம் கிடைத்தது லாபம்தான். ஆனால் ஆர்டர் குறையும் வருடத்தில் அந்தச் செலவு யார் தலையில் விழும்? தொழிலாளர்களின் பயமும் அதுதான். அருவங்காட்டுக்கு மட்டுமான கேள்வியும் அல்ல அது.