அழுங்கு

அழுங்கு என்பது கெரட்டின் செதில்களால் உடல் போர்த்தப்பட்ட ஒரே பாலூட்டிக் குழுவைக் குறிக்கும் பெயராகும். எறும்புத்தின்னி, எறும்புண்ணி, அலங்கு என்றும் தமிழில் வழங்கும் இவ்விலங்குகள் தெற்கு, கிழக்கு, தென்கிழக்கு ஆசியாவிலும் சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவிலும் மட்டுமே வாழ்கின்றன. தென் அமெரிக்காவில் வாழும் எறும்புத்தின்னிகளுக்கும் இவற்றுக்கும் நெருங்கிய உறவு இல்லை. எறும்பையும் கறையானையும் உண்டு வாழும் ஒரே வகை வாழ்க்கை, வெவ்வேறு மரபுவழிகளில் வந்த இவ்விரு குழுக்களுக்கும் நீண்ட முகத்தையும் பல்லில்லா வாயையும் ஒட்டும் நாக்கையும் தனித்தனியே அளித்தது. உயிரியலார் இதைக் குவிபரிணாமம் என்பர். அழுங்குகள் ஃபோலிடோட்டா என்னும் தனி வரிசையில் வைக்கப்பட்டுள்ளன. மரபணு ஆய்வுகளின்படி, புலி, நாய், கரடி முதலியவற்றை உள்ளடக்கிய ஊனுண்ணி வரிசையே இன்று வாழும் விலங்குகளுள் இவற்றுக்கு மிக நெருங்கிய உறவுடையது. ஜெர்மனியின் மெசல் புதைபடிவக் களத்தில் கிடைத்த, ஏறத்தாழ 4.7 கோடி ஆண்டுத் தொன்மையுடைய ஈயோமானிஸ் என்னும் விலங்கு, இந்த மரபு எத்துணைப் பழமையானது என்பதைக் காட்டுகிறது.

நகத்தையும் முடியையும் காண்டாமிருகக் கொம்பையும் ஆக்கும் கெரட்டின் புரதமே அழுங்கின் செதில்களையும் ஆக்குகிறது. ஓடு வேய்ந்த கூரையைப் போல ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும் செதில்கள் முதுகையும் பக்கங்களையும் கால்களின் வெளிப்புறத்தையும் வாலையும் மூட, முகமும் வயிறும் கால்களின் உட்புறமும் மட்டும் மென்தோலாக எஞ்சுகின்றன. பிறந்த குட்டியின் செதில்கள் வெளிறி மென்மையாக இருந்து, சில நாள்களில் கெட்டிப்படுகின்றன. பெண் அழுங்கு பெரும்பாலும் ஓர் ஈற்றில் ஒரு குட்டியையே ஈனும். வளையை விட்டு வெளிவரத் தொடங்கிய குட்டி தாயின் வாலடியைப் பற்றிக்கொண்டு அதன்மேல் ஏறிச் செல்லும். இனப்பெருக்கம் இவ்வளவு மெதுவாக நடப்பதால், வேட்டையில் இழந்ததை இவ்விலங்குகளால் விரைவில் ஈடுசெய்ய இயலாது.

பார்வை மங்கலான அழுங்கு மோப்பத்தால் இரை தேடி, முன்கால்களின் வலிய வளைந்த நகங்களால் கறையான் புற்றையும் எறும்புக் கூட்டையும் பிளந்து, பசை போன்ற உமிழ்நீர் பூசிய நாக்கை உள்ளே செலுத்துகிறது. பேருருவ இனங்களில் 40 சென்டிமீட்டர் வரை நீளக்கூடிய இந்நாக்கின் அடிப்பகுதி, தொண்டையோடு நின்றுவிடாமல் மார்புக்கூட்டுக்குள் மார்பெலும்பின் கீழ்முனை வரை செல்வது பாலூட்டிகளில் அரிதான அமைப்பாகும். மெல்லும் வேலையை இரைப்பை ஏற்றுக்கொள்கிறது: அதன் உட்சுவரில் கெட்டியான கெரட்டின் முட்கள் உள்ளன, இரையோடு விழுங்கப்படும் சிறு கற்களும் மணலும் அரைப்புக்கு உதவுகின்றன. எறும்புகள் கடித்துப் புகாதபடி மூக்குத் துளையையும் காதையும் மூடிக்கொள்ளும் ஆற்றலும் இவ்விலங்குக்கு உண்டு. அது தோண்டும்போது மண் புரண்டு காற்றோட்டம் பெறுகிறது. அது கைவிட்ட வளைகளில் முள்ளம்பன்றி போன்ற பிற விலங்குகள் குடியேறுகின்றன.

ஆபத்தை உணர்ந்த அழுங்கு தலையை வயிற்றோடு சேர்த்து, வாலால் மூடி, இறுக்கமான பந்தாகச் சுருண்டுகொள்கிறது. சிறுத்தையாலும் சிங்கத்தாலும் கூட இப்பந்தைப் பிரிப்பது கடினம். கோடிக்கணக்கான ஆண்டுகள் பயன்பட்ட இத்தற்காப்பு மனிதனிடம் மட்டும் முற்றிலும் எதிராக வேலை செய்கிறது. ஓடவோ கடிக்கவோ செய்யாத விலங்கை எவரும் கையால் தூக்கிச் சாக்கில் இட்டுவிட முடிகிறது. இவ்வளவு வலிய கவசமுடைய விலங்கு, பிடிப்பதற்கு மிக எளிய விலங்காகிவிட்டது பெரும் துயரம்.

பொதுவாக ஏற்கப்பட்டுள்ள எட்டு இனங்களும் மூன்று பேரினங்களில் அடங்கும். ஆசியாவின் நான்கு இனங்களும் மேனிஸ் பேரினத்தைச் சேர்ந்தவை. ஆப்பிரிக்காவின் மரவாழ் இனங்கள் இரண்டும் ஃபடாஜினஸ், நிலவாழ் இனங்கள் இரண்டும் ஸ்முட்சியா எனப்படும். ஆசிய இனங்களில் செதில்களுக்கு இடையே விறைத்த முடிகள் முளைத்திருக்கும். சிறிதாயினும் புறச்செவி மடல் இருக்கும். முதுகின் நடுவே ஓடும் செதில் வரிசை வால் நுனி வரை தொடரும். ஆப்பிரிக்க இனங்களில் அம்முடிகளும் செவி மடலும் இல்லை; நடுவரிசையும் வால் நுனியை எட்டுமுன்பே நின்றுவிடும்.

இந்தியாவின் பெரும்பகுதி, இலங்கை, பாகிஸ்தான், நேபாளத்தின் சில பகுதிகள் ஆகியவற்றில் வாழும் இந்திய அழுங்கே தமிழகத்திலும் ஈழத்திலும் காணப்படும் ஒரே இனமாகும். வறண்ட முட்காடு, புல்வெளி, மழைக்காடு, ரப்பர்த் தோட்டம் என வேறுபட்ட நிலங்களில் வளை தோண்டி வாழ்ந்து, இரவில் மட்டும் வெளிவருவதால், அது நடமாடும் ஊர்களில் உள்ளவர்களுள் பலரும் அதை நேரில் கண்டதில்லை. வடகிழக்கு இந்தியா, நேபாளம், தென் சீனா, தைவான், வட வியட்நாம் ஆகிய இடங்களில் வாழும் சீன அழுங்கு உருவில் சிறியது; அதன் செவி மடல்கள் தெளிவாகப் புலப்படுவன. இந்திய அழுங்கின் வால் நுனியில் கீழ்ப்புறத்திலும் ஒரு செதில் இருப்பதும், சீன அழுங்கில் அது இல்லாதிருப்பதும் இரண்டையும் பிரித்தறிய உதவும் அடையாளமாகும். மியன்மார் முதல் ஜாவா, போர்னியோ வரை பரவிய சுண்டா அழுங்கு மரமேறுவதில் வல்லது. சிங்கப்பூர் நகரை ஒட்டிய காடுகளில் இன்றும் எஞ்சியிருக்கிறது. பலவான் தீவுக்கூட்டத்தில் மட்டும் வாழும் பிலிப்பைன் அழுங்கு, நெடுங்காலம் சுண்டா அழுங்கின் ஒரு பிரிவாகக் கருதப்பட்டுப் பின்னரே தனி இனமாக ஏற்கப்பட்டது.

ஆப்பிரிக்க இனங்களுக்குள் உள்ள வேறுபாடு ஆசியாவில் காண்பதைவிடப் பெரிது. மேற்கு ஆப்பிரிக்கா முதல் உகாண்டா வரையுள்ள காடுகளில் வாழும் பேரழுங்கு 30 கிலோவுக்கு மேலும் எடை கொள்ளும். கருவயிற்று அழுங்கின் எடையோ பெரும்பாலும் 2 முதல் 3 கிலோ அளவே. சதுப்பு நிலங்களையும் ஆற்றங்கரைகளையும் சார்ந்த மரங்களில் வாழும் கருவயிற்று அழுங்கு, மற்ற அழுங்குகளின் வழக்கத்துக்கு மாறாகப் பகலில் இரை தேடுகிறது, உடலைப்போல ஏறத்தாழ இருமடங்கு நீளமுள்ள வாலால் கிளையைப் பற்றித் தொங்குகிறது, நன்றாக நீந்துகிறது. வெண்வயிற்று அழுங்கு இரவில் இயங்கும் மரவாசி. அதன் செதில் ஒவ்வொன்றின் விளிம்பிலும் மூன்று கூர்முனைகள் உண்டு. சூடான், சாடு முதல் தென்னாப்பிரிக்கா வரை புல்வெளிகளில் பரவிய டெம்மிங்க் அழுங்கு, முன்கால்களை நெஞ்சோடு உயர்த்தி, வாலை எதிர்ச்சுமையாக நீட்டி, பின்கால் இரண்டினால் மட்டும் நடக்கிறது. தென்னாப்பிரிக்காவில் மின்வேலியில் சிக்கியும் இவ்வினம் பெருமளவில் மடிகிறது. கம்பி தொட்டவுடன் அஞ்சிச் சுருளும் விலங்கு அக்கம்பியையே சுற்றிக்கொள்வதால் மின்னதிர்ச்சி தொடர்கிறது.

எனினும் எல்லா இனங்களுக்கும் பொதுவான பேரிடர் செதில், இறைச்சி ஆகியவற்றின் வணிகமாகும். சீன, வியட்நாமிய மரபு மருத்துவத்தில் செதில், தாய்ப்பால் சுரப்பையும் குருதியோட்டத்தையும் பெருக்கும் எனக் கூறப்படுகிறது. நகத்துக்கு இல்லாத மருத்துவ ஆற்றல் அதே புரதத்தாலான செதிலுக்கு இருப்பதாக அறிவியல் சான்று எதுவும் காட்டவில்லை. ஆசிய இனங்கள் அருகத் தொடங்கிய பின் கடத்தல் ஆப்பிரிக்காவின் பக்கம் திரும்பியது. 2019 ஏப்ரல் மாதத்தில், நைஜீரியாவிலிருந்து வியட்நாமுக்குச் சென்ற சரக்குகளில் 12.9 டன், 12.7 டன் என இருமுறை செதில்கள் சிங்கப்பூரில் ஒரு வாரத்துக்குள் பிடிபட்டன. முதலாவது ஏறத்தாழ 17,000 அழுங்குகளிடமிருந்தும், இரண்டாவது ஏறத்தாழ 21,000 அழுங்குகளிடமிருந்தும் எடுக்கப்பட்டதாக மதிப்பிடப்பட்டது. ஒரு விலங்கிலிருந்து கிடைக்கும் செதிலின் எடை இனத்துக்கு இனம் பெரிதும் வேறுபடும் என்பதால், செதில் எந்த இனத்துடையது என அறியாமல் கொல்லப்பட்டவற்றின் எண்ணிக்கையைக் கணிக்க இயலாது. வகைப்பாட்டியல் இங்கே நேரடியாகக் குற்ற விசாரணையின் கருவியாகிறது.

அழிவாய்ப்புள்ள விலங்கு, தாவரங்களின் வணிகத்தை ஒழுங்குபடுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கை 2016ஆம் ஆண்டு ஜோகன்னஸ்பர்க் மாநாட்டில் எட்டு இனங்களையும் முதலாம் பின்னிணைப்பில் சேர்த்து, பன்னாட்டு வணிகத்தைத் தடைசெய்தது. இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணை இந்திய, சீன அழுங்குகள் இரண்டையும் காக்கிறது. சீனா 2020இல் அழுங்கை முதல்தரப் பாதுகாப்புக்கு உயர்த்தி, அதன் செதிலை அரசு மருந்தியல் நூலின் மூலப்பொருள் பட்டியலிலிருந்து நீக்கியது. ஆயினும் செதில் கலந்த சில தயாரிப்பு மருந்துகளுக்கு இடம் எஞ்சியிருந்தது ஒரு பெருங்குறையாகும். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் சீன, சுண்டா, பிலிப்பைன் இனங்களை மிக அருகிய நிலையிலும், இந்திய, வெண்வயிற்று, பேரழுங்கு இனங்களை அருகிய நிலையிலும், ஏனைய இரண்டையும் அழிவாய்ப்புள்ள நிலையிலும் வைத்துள்ளது.

எட்டு என்னும் எண்ணிக்கையும் மாறக்கூடும். ஹாங்காங்கிலும் யுன்னானிலும் பறிமுதல் செய்யப்பட்ட செதில்களின் மரபணுவை ஆராய்ந்தவர்கள், அவற்றுட் சில அறியப்பட்ட எந்த இனத்தோடும் பொருந்தவில்லை எனக் கண்டு, மேனிஸ் மிஸ்டீரியா என்னும் புதிய ஆசிய இனத்தை 2023இல் முன்மொழிந்தனர்; முழு விலங்கைக் காணுமுன்பே கடத்தல் சரக்கிலிருந்து ஓர் இனம் வரையறுக்கப்பட்ட நிலை இது. வடகிழக்கு இந்தியாவில் சீன அழுங்கு எனக் கருதப்பட்டவற்றுள் ஒரு பகுதியைத் தனி இனமாகக் கொள்ளவேண்டும் என்னும் கருத்து 2025இல் வெளிவந்தது.

இவ்விலங்குகளைக் கூண்டில் வளர்ப்பது மிகக் கடினம். குறிப்பிட்ட எறும்பு, கறையான் வகைகளைச் சார்ந்த உணவுப் பழக்கமும், எளிதில் அதிர்ச்சிக்கும் நோய்க்கும் ஆட்படும் தன்மையும் பிடிபட்ட பலவற்றைச் சில வாரங்களிலேயே மாய்த்துவிடுகின்றன. தேனீப் புழு முதலியவற்றைக் கலந்த மாற்றுணவைப் படிப்படியாக வகுத்த தைப்பே விலங்குக் காட்சியகம் சீன அழுங்கை இனப்பெருக்கம் செய்வதில் முன்னோடியாக விளங்குகிறது. அங்கிருந்து சென்ற இணை 2023 பிப்ரவரியில் பிராக் நகரக் காட்சியகத்தில் ஈன்ற குட்டியே ஐரோப்பாவில் கூண்டில் பிறந்த முதல் அழுங்காகும்.