சேஃப் மோட்: பழுது தேடும் தொடக்கத்தின் வரலாறு

கணினியை அதன் எல்லாச் சாதனங்களோடும் மென்பொருள்களோடும் சேர்த்துத் தொடங்காமல், இயங்குவதற்கு இன்றியமையாத சிலவற்றை மட்டும் ஏற்றித் தொடங்குவது பழுதறி தொடக்கம் எனப்படும். விண்டோஸ் பயன்படுத்துவோர் இதைச் சேஃப் மோட் என்ற பெயரில் அறிவர். தமிழில் இதைப் பாதுகாப்புப் பயன்முறை என்று எழுதுகிறார்கள்.

இதன் அடிப்படைக் கருத்து எளியது. வீட்டில் மெயின் சுவிட்ச் விழுந்துகொண்டே இருந்தால், எலக்ட்ரீஷியன் எல்லாச் சுவிட்சுகளையும் அணைத்துவிட்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பார். எதைப் போட்டதும் விழுகிறதோ அந்த இணைப்பில்தான் கோளாறு. கணினியிலும் அதே வழிதான். ஆனால் இங்கே ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. கோளாறைத் தேட உதவும் கருவியே கோளாறுற்ற அந்தக் கணினிதான். அது எழுந்து நிற்காவிட்டால் தேடவே முடியாது. அரைகுறையாகவேனும் அதை எழுப்பி நிறுத்த ஒரு வழி வேண்டும். அந்த வழி எப்படி உருவானது, யார் கையில் இருந்தது, எவ்வாறு மாறியது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

வெற்றிடக் குழாய்களின் காலம்

அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் உருவாகி 1946இல் வெளியுலகுக்கு அறிவிக்கப்பட்ட எனியாக் கணினியில் ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழாய்கள் இருந்தன. அவற்றுள் ஒன்று பழுதானாலும் விடை தவறிவிடும். எனவே அதை மூன்று விதமாக ஓட்ட ஏற்பாடு செய்திருந்தனர். தொடர்ச்சியாக ஓட்டலாம், ஒரு கூட்டல் முடிந்ததும் நிற்கும்படி ஓட்டலாம், ஒரே ஒரு மின்துடிப்போடு நிற்கும்படியும் ஓட்டலாம். கடைசி இரண்டும் பழுது தேடுவதற்கே பயன்பட்டவை. அதன் நிரலாளர்களாகப் பணிபுரிந்த பெட்டி ஜென்னிங்ஸ், பெட்டி ஸ்னைடர் முதலிய ஆறு பெண்கள், படிப்படியாக நிறுத்திப் பார்த்து, பழுதான குழாய் இன்னதுதான் என்று காட்டும் அளவுக்கு அந்த எந்திரத்தை அறிந்திருந்தனர். அவர்களின் பெயர்கள் வரலாற்றில் இடம்பெறப் பல பத்தாண்டுகள் ஆயின என்பது வருந்தத்தக்கது.

எம்ஐடி நிறுவனத்தில் ஜே ஃபாரஸ்டர் தலைமையில் உருவான வேர்ல்விண்ட் கணினி இன்னொரு படி முன்னே சென்றது. பழுது வந்தபின் தேடுவதைவிட, வரப்போகும் பழுதை முன்கூட்டியே கண்டுபிடிக்க அவர்கள் முயன்றனர். சோதனை நிரல் ஒன்றை ஓடவிட்டு, ஒவ்வொரு பகுதிக்கும் செல்லும் மின்னழுத்தத்தை வேண்டுமென்றே ஏற்றி இறக்குவார்கள். நல்ல நிலையிலுள்ள குழாய் இதைத் தாங்கும். நலிந்த குழாய் தவறிழைக்கும். அதைக் கழற்றிவிட்டு வேறொன்றைப் பொருத்திய பிறகே கணினி அன்றைய வேலைக்கு வரும். நாள்தோறும் நடந்த வழக்கம் இது. மருத்துவர்கள் நோயாளியை ஓடவிட்டு இதயத்தைச் சோதிக்கிறார்களே, ஏறக்குறைய அதுபோல.

இக்காலத்தில் சோதிக்கும் வாய்ப்பு முழுவதும் வல்லுநர் கையில் இருந்தது. கணினியின் பயனர் அதன் அருகே செல்வதே அரிது. பின்னர் 1970களில் பரவிய யூனிக்ஸ் இயங்குதளத்திலும் ஒற்றைப் பயனர் நிலை என ஒன்று இருந்தது. பிற பயனர்கள் எவரும் உள்ளே வராதபடி, நிர்வாகி மட்டும் முதன்மை முனையத்தில் அமர்ந்து கோப்பு முறைமையைச் சரிபார்ப்பார். லினக்ஸ் கணினிகளில் இன்றும் இதன் வழிவந்த மீட்பு நிலை உள்ளது.

ஒரு ‘பீப்’ ஒலி

1981 ஆகஸ்டில் ஐபிஎம் தனிமேசைக் கணினியை வெளியிட்டபோது நிலைமை மாறியது. வீட்டில் இருக்கும் ஒருவருக்குப் பக்கத்தில் பொறியாளர் இல்லை. ஆகவே கணினி தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் நிரலை ஐபிஎம் அதன் நிலைநினைவகத்திலேயே எழுதி வைத்தது. மின்சாரம் பாய்ந்ததும் இந்நிரல் நினைவகம், விசைப்பலகை, திரை ஆகியவற்றைச் சரிபார்க்கும். எல்லாம் நன்று என்றால் ஒரே ஒரு சிறிய ஒலி கேட்கும். நீண்ட ஒலி ஒன்றும் குறுகிய ஒலி இரண்டும் கேட்டால் திரையின் பகுதியில் கோளாறு. திரையே வேலை செய்யாதபோது எழுத்தில் எப்படிச் சொல்வது? அதனால்தான் ஒலி. பிற கோளாறுகளுக்கு எண்கள் உண்டு. 301 என்று திரையில் வந்தால் விசைப்பலகையில் பழுது.

பின்னாளில் வந்த பிற நிறுவனக் கணினிகளில், விசைப்பலகை இல்லை, தொடர எஃப்1 விசையை அழுத்துக என்ற பொருளில் ஓர் அறிவிப்பு வரும். கணினி அறைகளில் மாணவர்களைச் சிரிக்கவைக்க ஆசிரியருக்கு வேறு நகைச்சுவை தேவைப்பட்டதில்லை.

ஐபிஎம் கணினியோடு தந்த கையேட்டில் சோதனைக்கான நெகிழ்வட்டு ஒன்றும் இருந்தது. ஆனால் விரிவான சோதனைகள் அடங்கிய வட்டு பழுதுபார்ப்போருக்கான கையேட்டோடு தனியாக விற்கப்பட்டது. பயனருக்கு ஓரளவு, தொழில்நுட்பருக்கு முழுவதும் என்ற இந்தப் பிரிவு பிற்காலத்திலும் ஏதோ ஒரு வடிவில் தொடர்ந்தது.

இவை வன்பொருள் சோதனைகள். 1980களின் இறுதியில் தொல்லை மென்பொருள் பக்கம் நகர்ந்தது. டாஸ் இயங்குதளம் தொடங்கும்போது கான்ஃபிக்.சிஸ், ஆட்டோஎக்சிக்.பேட் என்னும் இரண்டு கோப்புகளைப் படித்து, அவற்றில் எழுதியிருந்தபடி சுட்டி, ஒலி அட்டை, குறுவட்டு இயக்கி முதலியவற்றுக்கான நிரல்களை ஏற்றும். அவற்றில் ஒரு வரி தவறானாலும் கணினி பாதியில் உறைந்துபோகும். தவறான வரியைத் திருத்த வேண்டுமானால் கணினி தொடங்க வேண்டும். கணினி தொடங்க வேண்டுமானால் வரியைத் திருத்த வேண்டும். இந்தச் சுழலிலிருந்து வெளியேற, தனியாக ஒரு தொடக்க நெகிழ்வட்டைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டியிருந்தது.

1991இல் வந்த ஆப்பிளின் சிஸ்டம் 7 இதற்கு எளிய விடை தந்தது. தொடங்கும்போது ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்தால் கூடுதல் இணைப்பு நிரல்கள் எதுவும் ஏறாது. 1993இல் எம்எஸ்-டாஸ் 6 இதே வசதியை வேறு விசைகளில் கொண்டுவந்தது. எஃப்5 அழுத்தினால் அவ்விரண்டு கோப்புகளும் தவிர்க்கப்படும். எஃப்8 அழுத்தினால் ஒவ்வொரு வரியையும் காட்டி, ஏற்றவா வேண்டாமா என்று கேட்கும். எலக்ட்ரீஷியனின் முறை அப்படியே விசைப்பலகைக்கு வந்துவிட்டது.

விண்டோஸ் 95

சேஃப் மோட் என்ற பெயரைப் பொதுமக்களிடம் கொண்டுசென்றது 1995 ஆகஸ்ட் 24 அன்று வெளியான விண்டோஸ் 95. அக்காலத்தில் தனிமேசைக் கணினிக்கான உதிரிப்பாகங்களைச் செய்த நிறுவனங்கள் ஏராளம். ஒவ்வொரு பாகத்துக்கும் ஓர் இயக்கி நிரல், அதாவது டிரைவர், தேவை. அதை எழுதியவர் மைக்ரோசாஃப்ட் ஊழியர் அல்லர். அந்தந்தப் பாகத்தைச் செய்தவர். ஆனால் அந்நிரல் இயங்குதளத்தின் உட்கருவில், எதையும் தொடக்கூடிய உரிமையோடு ஓடும். எங்கோ எழுதப்பட்ட ஓர் ஒலி அட்டையின் நிரலில் ஒரு பிழை இருந்தால் முழுக் கணினியும் விழும். இந்த ஏற்பாடே சேஃப் மோடின் தேவைக்கு வேர். முப்பதாண்டு கழித்தும் இந்த வேர் முற்றிலும் அறுபடவில்லை என்பதைப் பின்னர் காண்போம்.

விண்டோஸ் 95 தொடங்குவதாகத் திரையில் எழுத்து தோன்றியபின் ஏறத்தாழ இரண்டு விநாடிகள் காத்திருக்கும். அதற்குள் எஃப்8 அழுத்தினால் ஒரு பட்டியல் வரும். அதில் சேஃப் மோடைத் தேர்ந்தால் 640க்கு 480 புள்ளிகளும் 16 நிறங்களும் கொண்ட எளிய திரை, விசைப்பலகை, சுட்டி ஆகியவை மட்டும் ஏறும். அச்சுப்பொறி இல்லை, ஒலி இல்லை, குறுவட்டு இல்லை. எங்கே இருக்கிறோம் என்பதை மறக்காமலிருக்கத் திரையின் நான்கு மூலைகளிலும் பெயர் எழுதியிருக்கும். முந்தைய தொடக்கம் பாதியில் நின்றிருந்தால் கணினி தானாகவே இந்நிலையில் எழவும் செய்யும்.

இதில் ஒரு தருக்கம் அடங்கியுள்ளது. மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சேஃப் மோடில் கணினி நன்றாக ஓடினால் சரியாகிவிட்டது என்று பொருளன்று. நினைவகம், வன்தட்டு, இயங்குதளத்தின் அடிப்படைக் கோப்புகள் ஆகியவற்றில் குற்றம் இருக்க வாய்ப்பு குறைவு. ஏற்றாமல் விட்டவற்றில்தான் குற்றம் இருக்கக்கூடும் என்று பொருள். சேஃப் மோடிலும் விழுந்தால் சந்தேகம் மறுபக்கம் திரும்ப வேண்டும். சேஃப் மோட் நோயைத் தீர்க்காது, நோய் இருக்கும் பக்கத்தைக் காட்டும்.

அடுத்த படியை 1998இல் வந்த விண்டோஸ் 98 தந்தது. எம்எஸ்கான்ஃபிக் என்னும் சிறு கருவியில் வழக்கமான தொடக்கம், பழுதறி தொடக்கம், தேர்ந்தெடுத்த தொடக்கம் என மூன்று வழிகள் இருந்தன. சந்தேகத்துக்குரிய நிரல்கள் இருபது என்றால் பத்தை நிறுத்திப் பார்க்கலாம். பிறகு ஐந்து, பிறகு இரண்டு. நான்கைந்து மறுதொடக்கங்களில் குற்றவாளி சிக்கிவிடும். அலுவலகக் கணினிகளுக்கான விண்டோஸ் என்டி வரிசையில் 2000ஆம் ஆண்டில்தான் சேஃப் மோட் சேர்ந்தது. அடுத்த ஆண்டு வந்த எக்ஸ்பி இரண்டு மரபுகளையும் ஒன்றாக்கியது.

இரண்டு விநாடி, கால் விநாடியானது

2012இல் விண்டோஸ் 8 வந்தபோது யாரும் எதிர்பாராத இடத்திலிருந்து சிக்கல் முளைத்தது. கணினிகள் மிக வேகமாகிவிட்டன. திண்மநிலை வட்டு பொருத்திய கணினியில் எஃப்8 அழுத்தக் கிடைக்கும் நேரம் 200 மில்லி விநாடிக்கும் குறைவு என்று மைக்ரோசாஃப்ட் பொறியாளர்களே எழுதினர். அவர்களின் சோதனையாளர்கள் எவ்வளவு விரைவாகத் தட்டினாலும் ஏறத்தாழ 250 மில்லி விநாடிக்கு ஒருமுறைதான் தட்ட முடிந்தது. ஆகவே எஃப்8 கைவிடப்பட்டது. ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி மறுதொடக்கம் கொடுக்க வேண்டும்; பிறகு பட்டியல்களுக்குள் பட்டியலாக நான்கைந்து படி செல்ல வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸிலிருந்து சேஃப் மோடுக்குப் போக இது நல்ல வழி. விண்டோஸ் எழவே மறுத்தால் அது தானாகத் தோற்று மீட்புத் திரையைக் காட்டும்வரை காத்திருக்க வேண்டும். வேகத்துக்குக் கொடுத்த விலை இது. அந்த விலை சற்று அதிகம் என்பதே என் கருத்து.

‘பாதுகாப்பு’ என்ற மொழிபெயர்ப்பும் மயக்கம் தருவது. இந்நிலையில் வைரஸ் எதிர்ப்பு மென்பொருள்களும் பெரும்பாலும் ஓடுவதில்லை. 2019இல் ஸ்னாட்ச் என்னும் பணயத் தீநிரல் இதையே பயன்படுத்திக்கொண்டது. தன்னைச் சேஃப் மோடில் ஓடக்கூடிய சேவையாகப் பதிந்துகொண்டு, கணினியைச் சேஃப் மோடில் மறுதொடக்கம் செய்தது; காவலர் இல்லாத அந்த நேரத்தில் கோப்புகளைப் பூட்டியது. ‘குறைந்தபட்சத் தொடக்கம்’ என்று பெயர் வைத்திருந்தால் பொருள் தெளிவாக இருந்திருக்கும்.

2024 ஜூலை 19

அன்று இந்திய நேரம் காலை 9.39க்கு கிரவுட்ஸ்ட்ரைக் என்னும் அமெரிக்கப் பாதுகாப்பு நிறுவனம் தன் ஃபால்கன் மென்பொருளுக்கு ஒரு சிறிய புதுப்பிப்பை அனுப்பியது. அதன் விதிகளில் ஒன்று 21 உள்ளீடுகளை எதிர்பார்த்தது. மென்பொருள் தந்தது 20. இல்லாத இருபத்தொன்றாவதைத் தேடி நினைவகத்தில் எல்லை தாண்டியதும் விண்டோஸ் விழுந்தது. ஃபால்கன் உட்கருவில் ஓடுவது. அதுவும் கணினி தொடங்கும்போதே ஏறுவது. ஆகவே மறுதொடக்கம் செய்தாலும் மீண்டும் விழுந்தது. 78 நிமிடங்களில், 10.57க்கு, நிறுவனம் பிழையைத் திரும்பப் பெற்றது. ஆனால் எழுந்து நிற்காத கணினிக்குத் திருத்தம் எப்படிப் போய்ச்சேரும்? மைக்ரோசாஃப்டின் மதிப்பீட்டில் 85 லட்சம் கணினிகள் பாதிக்கப்பட்டன. உலகெங்கும் விமானங்கள் நின்றன, மருத்துவமனைகள் திணறின. இந்திய விமான நிலையங்களில் பயணிகளுக்குக் கையால் எழுதிய அனுமதிச் சீட்டுகள் தரப்பட்டன.

பெரும்பாலான கணினிகளுக்குத் தீர்வாக அமைந்தது பழைய வழிதான். சேஃப் மோடில், அல்லது மீட்புத் திரையில் தொடங்கு, கிரவுட்ஸ்ட்ரைக் கோப்புறையில் 291 என்ற எண்ணுடைய கோப்பை அழி, மறுதொடக்கம் செய். சேஃப் மோடில் ஃபால்கன் ஏறாது என்பதால் இது பலித்தது. ஒரு கணினிக்குச் சில நிமிட வேலைதான். ஆனால் ஒவ்வொரு கணினியின் முன்பும் ஓர் ஆள் போய் உட்கார வேண்டியிருந்தது. வன்தட்டு பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால் அதற்குரிய 48 இலக்க மீட்பு எண்ணும் தேவை. சில இடங்களில் அந்த எண்களைச் சேமித்து வைத்திருந்த கணினியே விழுந்துகிடந்தது.

அவ்வாண்டு நவம்பரில் மைக்ரோசாஃப்ட் புதிய மீட்பு வசதி ஒன்றை அறிவித்தது. கணினி திரும்பத் திரும்ப விழுந்தால் மீட்புச் சூழலில் தானே எழுந்து, இணையத்தோடு இணைந்து, திருத்தத்தைப் பெற்றுக்கொள்ளும். ஒவ்வொரு கணினிக்கும் ஆள் போக வேண்டிய தேவையை இது குறைக்கலாம். பழைய எஃப்8 விசையும் முற்றிலும் மறைந்துவிடவில்லை. நிர்வாகி ஒரே ஒரு கட்டளையால் பழைய தொடக்கப் பட்டியலை மீண்டும் வரவழைக்கலாம். ஆனால் அந்தக் கட்டளையைக் கணினி நன்றாக இருக்கும்போதே கொடுத்து வைக்க வேண்டும்.