தசைப் புற்றை அறிந்த வரலாறு: ஆய்வுக்கூட எலியை முன்னிட்டு ஓர் ஆராய்ச்சி

காஞ்சி மாநகரை அடுத்து, ஜினகாஞ்சி என்று வழங்கும் திருப்பருத்திக்குன்றத்து ஆலயத்தில், விஜயநகர மந்திரி இருகப்பர் 1387-ஆம் ஆண்டையொட்டிக் கட்டுவித்த சங்கீத மண்டபத்தின் விதானத்தில், தம் திருமண விருந்துக்கென அடைக்கப்பட்டிருந்த பிராணிகளின் ஓலத்தைக் கேட்டுத் துறவு பூண்டவரான நேமிநாதரின் சரிதம் சித்திரமாகத் தீட்டப்பட்டிருக்கிறது. மருந்தின் தீங்கை மனிதருக்கு முன்பாக எலிகளிடம் சோதித்தறியும் இக்காலச் சாஸ்திரத்தைப் பற்றி எழுதப் புகும்போது அந்த விதானம் என் நினைவை விட்டு அகலுவதில்லை. உயிரைக் கொடுத்த பிராணியின் உடலில் கண்டதைப் பிழையாகப் பெயரிடுவது அவ்வுயிரை வீணாக்குவதே ஆகும் அன்றோ?

அத்தகைய பிழைக்கு இடந்தருவது தசைப் புற்று. உடலெங்கும் நிறைந்திருந்தும் எலும்புத் தசையில் புற்று தோன்றுவது மிக அபூர்வம். ராப்டோமயோசார்கோமா எனப்படும் இப்புற்றை 1854-இல் வெபர் என்பவர் மனிதரிடம் கண்டு வருணித்த காலந்தொட்டு, வைத்தியர்கள் பிரத்தியட்சச் சான்றாக நம்பியது உயிரணுவினுள் தெரியும் குறுக்குவரியையே. பட்டுத் தறியில் பாவுக்குக் குறுக்கே ஊடை ஓடுவது போலத் தசையிழைக்குக் குறுக்கே ஓடும் அவ்வரிகளை, மாலரி கண்ட பாஸ்போடங்ஸ்டிக் அமில ஹெமடாக்சிலின் சாயம் நீலமாக எடுத்துக்காட்டிற்று. ஆயினும் புற்றணு முதிர்ச்சியடையாததாகையால் வரியே இல்லாமலும் போகும். 1946-இல் ஸ்டவுட் 121 நோயாளிகளின் கட்டிகளைத் தொகுத்து ஆராய்ந்தபோது, உயிரணுவின் உருவமும் சாட்சியாகக் கொள்ளப்பட்டது.

எலிகளிடம் இயல்பாகக் காண்பதற்கரிய இக்கட்டி, 1954-இல் ஹீத் என்பவர் கோபால்ட் உலோகத் தூளைத் தொடைத் தசையில் செலுத்தியபோதும், 1962-இல் கில்மன் நிக்கல் சேர்மங்களைச் செலுத்தியபோதும் ஏராளமாக உண்டாயிற்று. அதனோடு ஒரு பெரிய சங்கடமும் வெளிப்பட்டது. நார்த்திசுவில் பிறந்த வேறொரு புற்று தசைக்குள் ஊடுருவும்போது, நல்ல தசையிழைகள் அதற்குள் அகப்பட்டுச் சிதைந்து, வரியுடனேயே கிடக்கும். அவசரக்காரர் அவற்றைப் புற்றணுக்கள் என்றே எண்ணிவிடுவர். 1976-இல் டெஸ்மின் என்னும் புரதமும், 1987-இல் மயோடி என்னும் மரபணுவும் கண்டறியப்பட்டபின், ஆன்டிபாடி கொண்டு இத்தகைய தசைப் புரதங்களுக்குச் சாயமேற்றும் முறையால் வரியில்லாத புற்றையும் இனங்காண வழி பிறந்தது. எனினும் காயம்பட்டு மீண்டும் வளரும் தசையிழையும் அதே சாயத்தை ஏற்குமாதலால், எந்த ஒரு சாயத்தையும் தனித்து நம்புவதற்கில்லை என்பதே என் முடிபு.

சரியான நிர்ணயத்தின் பயனுக்கு, வரியற்ற மழமழப்பான தசையிலிருந்து ஓர் உதாரணம் காட்டலாம். ஆஸ்துமாக்காரர்கள் அறிந்த சால்புட்டமால் மருந்தை ஈராண்டுக் காலம் உட்கொண்ட ஸ்ப்ரேக்-டாலி எலிகளில், சூலகத்தைத் தாங்கும் சவ்வில் தசைக்கட்டி மிகுந்தது. அது தீங்கற்ற லியோமயோமா என்று சரியாக இனங்காணப்பட்டதாலும், சால்புட்டமால் தூண்டும் பீட்டா ஏற்பிகளைத் தடுக்கும் புரோப்ரானலால் மருந்தைச் சேர்த்துக் கொடுத்தபோது அது தோன்றாமற்போனதாலும், காரணம் ஏற்பியின் இடைவிடாத தூண்டலே என்று புலப்பட்டது. மருந்தும் இன்றுவரை மூச்சு முட்டுவோருக்கு உதவி வருகிறது.

இவ்வகை நச்சியல் ஆராய்ச்சி இப்போது காஞ்சி மாவட்டத்துப் படப்பையிலும் நடைபெறுகிறது. சர்வதேச விதிப்படி, புற்றுச் சோதனையில் ஒவ்வொரு பிரிவிலும் ஆணில் 50, பெண்ணில் 50 எலிகளேனும் வேண்டும். சோதனை ஏறத்தாழ ஈராண்டு நீளும். ராஜ்ய சபையில் ருக்மிணி தேவி அருண்டேல் எடுத்த முயற்சியைத் தொடர்ந்து பிறந்த 1960-ஆம் ஆண்டுப் பிராணிவதைத் தடுப்புச் சட்டம் இச்சோதனைகளைக் கண்காணிக்கவும் வகை செய்கிறது. ஆனால் கண்ணாடித் தகட்டின்மேல் குனியும் கண்ணைச் சட்டம் கண்காணிக்க இயலாது. ஆகவே, நோய்க்குறியியல் பயிலும் தமிழ் மாணவர்களே, நூறு எலிகளில் ஒன்றில் இக்கட்டியைக் கண்டால், விளிம்பிலிருந்து மட்டுமன்றி நடுவிலிருந்தும் பல துண்டுகள் எடுத்துப் பார்த்து, அகப்பட்ட இழை எது, புற்றிழை எது என்று பிரித்தறிந்த பின்னரே பெயர் எழுதுங்கள்.