மார்க்கெட்டும் கூலியும்

திருச்சியில் 'காந்தி சந்தை' என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. காந்தி மார்க்கெட்தான். மூட்டை தூக்குகிற நம்ம சனத்துக்கு வெறும் 'மார்க்கெட்டு'. இங்கிலீஷ்காரன் விட்டுப்போன சொல். ஆனால் அவனுக்கே அது இரவல். வடபிரான்சின் பழைய பிரெஞ்சிலிருந்து அவனுக்குப் போனது. பாரிஸ் பக்கம் 'ச'வாகத் திரிந்த ஓசையை வடக்கத்தியான் 'க'வாகவே வைத்திருந்தான். அதனால்தான் இன்றைய பிரெஞ்சில் 'மார்ஷே', இங்கிலீஷில் 'மார்க்கெட்'. இரண்டுக்கும் தாய் லத்தீன் 'மெர்காத்துஸ்'. அதற்கும் அடியில் கிடப்பது 'மெர்க்ஸ்', அதாவது விற்கிற சரக்கு.

சரக்கு இருந்தால் சுமக்க ஆள் வேண்டுமே. அவன் வாங்கும் காசும் இதே குடும்பத்துச் சொல்தான். லத்தீனில் 'மெர்கேஸ்' என்றால் கூலி. பிற்காலக் கிறிஸ்தவ லத்தீனில் இந்தக் கூலி மேலுலகத்துக்குப் போய்விட்டது. எளியவனுக்கு இரங்கியவனுக்கு ஆண்டவன் தரும் பலன் என்றானது. பழைய பிரெஞ்சில் 'மெர்சி' என்றாகி இரக்கம், தயவு என்று பொருள்பட்டது. இங்கிலீஷ் அந்த இரக்கத்தை எடுத்துக்கொண்டது. இன்றைய பிரெஞ்சுக்காரனுக்கு 'மெர்சி' நன்றி.

உழைத்தவனுக்குச் சேரவேண்டிய காசு கொடுப்பவனின் தயவாகி, கடைசியில் வாங்கியவன் சொல்லும் நன்றியாக முடிந்திருக்கிறது. அகராதிக்காரர்கள் இதைப் 'பொருள் மாற்றம்' என்று ஒரே வரியில் தாண்டிவிடுகிறார்கள். எங்கய்யா மண்டியில் இருபது வருசம் மூட்டை தூக்கினவர். சாயங்காலம் கூலிக்கு நிற்கும்போது "பாத்துப் போட்டுக் குடுங்க சாமி" என்பார். எண்ணி இறக்கின மூட்டைக்கு என்னத்தைப் பார்த்துப் போடுவது? லத்தீன் பல நூற்றாண்டு நடந்த தூரம் அந்த ஒரு பேச்சில் இருக்கிறது.

பிரெஞ்சுக்காரன் இங்கேயே வந்தும் இருக்கிறான். 1752இல் ஜாக் லா தலைமையில் அவன் படை ஸ்ரீரங்கம் தீவில் கோயில் மதில்களுக்குள் ஒதுங்கி, பிறகு இங்கிலீஷ்காரனிடம் சரணடைந்தது. (நம்ம சனம் கோயிலுக்குள் கால்வைக்க 1939லும் 1947லும் சட்டம் போடவேண்டியிருந்தது.) அவன் 'மார்க்கெட்'டை நமக்குத் தரவில்லை. நம்மிடமிருந்து கொண்டுபோனது உண்டு. 'பறையர்' போர்த்துகீசியர் வாய்வழி அவனுக்குப் 'பாரியா' ஆனது. அடுத்தது கூலி. குஜராத்தின் கோலி சாதிப் பெயரையும் இதற்கு மூலமாகச் சொல்வார்கள். தமிழ்க் கூலியும் அதில் கலந்திருப்பதை அகராதிகளே ஒப்புகின்றன. 1848இல் பிரான்சு தன் தீவுகளில் அடிமைமுறையை ஒழித்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. 1853இல் மார்த்தினிக், 1854இல் குவாதலூப் என்று பாண்டிச்சேரி, காரைக்கால் வழியாகக் கப்பல்கள் போயின. நமக்குக் கூலி கையில் வாங்கும் காசு. அந்தத் தீவுகளில் அது ஆளுக்கே பேராகி, பிறகு வசவாகவும் ஆனது.