சேதுக் காசுகளின் உருவ மரபு

யாழ்ப்பாண அரசின் வரலாற்றை எழுதப் புகுவோர்க்குக் கல்வெட்டுச் சான்றுகள் அரிதாகவே கிட்டுகின்றன. ‘யாழ்ப்பாண வைபவமாலை’ முதலிய நூல்களோ அவ்வரசு மறைந்த பின்னர் எழுந்தவை. எனவே குடாநாட்டிற் கிடைத்த செப்புக் காசுகள் தனிமதிப்புப் பெறுகின்றன. அவற்றின் உருவம் பெரிதும் மாறாது தொடர்ந்தமை எதனை உணர்த்துகின்றது என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

சேதுக் காசின் ஒருபுறத்தே நிற்கும் மன்னன் உருவம் உளது. மறுபுறத்தே படுத்திருக்கும் இடபமும், அதன்மேற் பிறையும், கீழே ‘சேது’ என்னும் தமிழ்ச் சொல்லும் உள. இவற்றுள் நிற்கும் உருவம் ஆரியச்சக்கரவர்த்திகளின் புதுப்படைப்பன்று. ஒருபுறம் நிற்கும் உருவும் மறுபுறம் அமர்ந்த உருவும் கொண்ட காசுகளை முதலாம் இராசராசன் (985–1014) வெளியிட்டான். ஈழத்துப் பொற்காசுகளில் முன்னரே நிலவிய அமைப்பையே அவன் மேற்கொண்டான் என நாணயவியலார் கருதுவர். சோழராட்சி நீங்கிய பின்னும் முதலாம் பராக்கிரமபாகு (1153–1186) முதலான பொலன்னறுவை மன்னர் அவ்வமைப்பைக் கைவிட்டிலர். பெயர் மாறியது, உருவம் மாறவில்லை. அரசி இலீலாவதியின் காசிலும் ஆண் மன்னர்க்குரிய அதே வடிவமே காணப்படுகின்றது. ஆகவே அவ்வுருவம் தனியொருவரின் சாயலன்று. அரச பதவியின் குறியீடே எனலாம்.

யாழ்ப்பாண மன்னர் இவ்வுருவத்தை ஏற்றமைக்குக் காரணம் உண்டு. காசு கைமாறுவது கண்பழகிய உருவின்மேல் மக்கள் கொண்ட நம்பிக்கையாலாகும். ஆயின் அமர்ந்த உருவை நீக்கி, அவ்விடத்தே சைவச் சின்னமாகிய இடபத்தைப் பொறித்தனர். ‘சேது’ இராமேசுவரத் தொடர்பைச் சுட்டுவது. கோட்டகமைக் கல்வெட்டின் தலைப்பிலும் அச்சொல் உளது. இக்காசுகள் இராமநாதபுரம் சேதுபதிகளுக்குரியன என்றுரைத்தாரும் உளர். சேதுபதிகளோ 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மதுரை நாயக்கரால் நிலைநிறுத்தப்பட்டோர். காசுகளின் உருவமோ அதற்கு நெடுங்காலம் முற்பட்ட மரபைச் சார்ந்தது. சுவாமி ஞானப்பிரகாசர், கொட்றிங்டன், முதலியார் இராசநாயகம் ஆகியோரின் ஆய்வுகள் இவற்றை யாழ்ப்பாண மன்னர்க்கே உரியவாக்கின.

எனினும் இவ்வொருமைப்பாடு வரலாற்றாசிரியனுக்குப் பேரிடராகவும் அமைந்தது. பொலன்னறுவைக் காசுகள் மன்னன் பெயரைத் தாங்கின. சேதுக் காசுகளோ பெரும்பாலும் ‘சேது’ என்பதனோடு அமைந்தன. மன்னரும் செகராசசேகரன், பரராசசேகரன் என்னும் இரு பட்டங்களையே மாறிமாறிப் புனைந்தனர். 1619இல் போர்த்துக்கேயர் கைப்பற்றும்வரை நிலவிய அரசின் தொடர்ச்சியைக் காசு காட்டுகின்றது. அரசர் ஒவ்வொருவரையும் மறைக்கின்றது.

இடபத்தின் சாயல், எழுத்தின் வடிவம், காசின் எடை ஆகியவற்றிலுள்ள நுண்ணிய வேறுபாடுகளே இனி வழிகாட்டவல்லன. அவற்றைக் காலமுறைப்படுத்தக் காசு கிடைத்த இடமும் மண்ணடுக்கும் தெரிதல் வேண்டும். அக்குறிப்பின்றி விலைக்குக் கைமாறும் ஒவ்வொரு காசும் வரலாற்றுக்கு நேரும் இழப்பேயாம். எஞ்சியவற்றை முறைப்படி பதிந்து பேணுதல் யாழ்ப்பாணத்துக் கற்றோர் கடனாகும்.